வைப்பது நாம், கூப்பிடுவது ஊர்: குழந்தைக்குப் பெயர் தேர்ந்தெடுக்கவும் வேண்டாத பட்டப்பெயரைத் தள்ளிவைக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பிறந்தபோது என் எடை நான்கு கிலோவுக்குச் சற்று மேல். தொட்டிலை எட்டிப் பார்த்த சித்தி "குண்டு" என்றார். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. பள்ளியில் ஒல்லியாகி, கல்லூரியில் இன்னும் ஒல்லியாகி, இப்போது பெல்ட்டில் நானே ஆணியால் ஓட்டை போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்த பிறகும் உறவினர்களுக்கு நான் குண்டுதான். ஒருநாள் மருத்துவரைப் பார்க்க முப்பது பேர் காத்திருந்த கூடத்தில், "குண்டு, உன் டோக்கனைக் கூப்பிடுகிறார்கள்" என்று சித்தி குரல் கொடுத்தார். முப்பது தலைகளும் திரும்பி அந்தக் குண்டு மனிதரைத் தேடின. நான் எழுந்து நடந்ததைப் பார்த்த ஒரு சிறுவன், ஏமாந்துபோன முகத்தோடு தன் அம்மாவைப் பார்த்தான்.

அதனால் எங்கள் மகள் பிறப்பதற்கு முன்பே நானும் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். பதிவேட்டில் எழுதும் பெயரைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். வாயில் புழங்கப்போகும் பெயரையும் நாமே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டால் தொட்டிலை எட்டிப் பார்க்கும் முதல் ஆள் நிரப்பிவிடுவார். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் அந்த ஒரு எண்ணத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

1. முதலில், யார் முடிவு செய்வது?

பெற்றோர் இருவரும். மற்றவர்கள் ஆலோசனை சொல்லலாம், அதற்கு மேல் இல்லை. இருவருக்கும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: யார் "வேண்டாம்" என்றாலும் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும், காரணம் கேட்கக் கூடாது. காரணம் பெரும்பாலும் ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவராக இருப்பார். அதைத் தோண்டி எடுத்து விவாதிப்பதில் ஒரு மாலைப்பொழுது வீணாகும்.

யோசனையில் இருக்கும் பெயர்களை வெளியே சொல்லாதீர்கள். "இந்தப் பெயரை யோசிக்கிறோம்" என்றால் பத்துப் பேரிடமிருந்து பதினைந்து கருத்துகள் வரும். "இந்தப் பெயர் வைத்துவிட்டோம்" என்றால் "நல்ல பெயர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பெரியவர்கள் முன்னோர் பெயரை வற்புறுத்தினால் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. பொருளை எடுத்துக்கொண்டு சொல்லை மாற்றலாம். தாத்தா சூரியநாராயணன் என்றால் பேரன் கதிர். பெயரையே அப்படியே வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒன்றை எதிர்பாருங்கள். மாமனார் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்ட எந்த மருமகளுக்கும் நாக்கு கூசும். அந்த வீட்டில் ஒரு செல்லப்பெயர் தானாக முளைத்துவிடும்.

2. பட்டியல் போடுவது

இங்கே நேரத்தைக் கரைக்காதீர்கள். முதலெழுத்து இதுதான் என்று முன்பே வரையறுத்துக்கொண்ட வீடுகளும் உண்டு, அவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். இருபது பெயர் எழுதி, மேற்சொன்ன விதியால் ஐந்தாக்குங்கள்.

பொருளை மட்டும் கவனமாகப் பாருங்கள். பெயர்ப் பட்டியல்களில் புரியாத சொல்லுக்கெல்லாம் 'ஒளி', 'இறையருள்', 'வெற்றி' என்று ஏதோ ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். சொல்லை அகராதியில் தேடுங்கள். அகராதியில் இல்லையென்றால் அது யாரோ கட்டிய சொல். கட்டிய சொல்லை வைப்பதில் தவறில்லை. ஆனால் பின்னாளில் பிள்ளை வந்து பொருள் கேட்டால் உண்மையைச் சொல்லத் தயாராக இருங்கள்.

மிகப் பரவலான பெயருக்கு ஒரு விலை உண்டு. வகுப்பில் ஒரே பெயரில் மூவர் இருந்தால், அவர்களைப் பிரித்துச் சொல்ல மற்றப் பிள்ளைகளுக்கு அடைமொழி தேவைப்படும்: நெட்டை, குட்டை, கண்ணாடி. பட்டப்பெயர்களில் ஒரு பெரும்பங்கு இந்தத் தேவையில் பிறப்பதுதான், வன்மத்தில் அல்ல. சில நாடுகளில் இதை எண்ணிக்கையாகவே பார்த்துவிடலாம். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் பிறந்தவர்களின் பெயர்களை ஆண்டுவாரியாக வெளியிட்டு வைத்திருக்கிறது.

3. வாய்ச் சோதனை

ஐந்து பெயர்களையும் ஒரு வாரம் வாயில் போட்டுப் பழகுங்கள். மாடியிலிருந்து கீழே விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கத்திப் பாருங்கள். தூங்கும் பிள்ளையை எழுப்புவதுபோல் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பிறகு, பெரும்பாலானவர்கள் செய்யாத ஒன்று: வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள்.

தமிழில் பெயர் தனியாக நிற்பதே இல்லை. ஐ, ஆல், கு, ஓடு, உடைய என்று எதையாவது வாலாகப் பிடித்துக்கொண்டுதான் நடமாடும். 'கதிர்' என்றால் கதிரை, கதிருக்கு, கதிரோடு, தடையில்லாமல் ஓடுகிறது. 'ரித்விக்' என்று வையுங்கள், "ரித்விக்குக்குப் பால் கொடுத்தாயா?" என்று தினம் மூன்று முறை சொல்ல வேண்டும். நான்காவது நாளே வீடு அதை 'ரித்து' ஆக்கிவிடும். ஐஸ்லாந்தில் 1991 முதல் இயங்கும் பெயர்க் குழு, புதிய பெயர் ஒன்றை ஏற்பதற்கு முன், அது ஐஸ்லாந்து மொழியின் வேற்றுமை விகுதிகளை ஏற்குமா என்று பார்க்கிறது. நமக்கு அப்படிக் குழு எதுவும் இல்லை, பாட்டியின் வாய்தான் இருக்கிறது.

அடுத்தது விளி. இலக்கணம் எட்டாம் வேற்றுமை என்று தனி இடம் கொடுத்திருக்கும் அளவுக்குக் கூப்பிடுதல் நம் மொழியில் பெரிய விஷயம். 'ன்' என்று முடியும் பெயர் கூப்பிடும்போது 'ஆ' என்று மாறும்: கண்ணன் கண்ணா ஆவான், முருகன் முருகா ஆவான். இப்போது மகனுக்கு 'இனியன்' என்று வைத்தால்? வீடு முழுவதும் "இனியா!" என்று கூப்பிடும். இனியா பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். உங்களுக்கு அதில் தயக்கமில்லை என்றால் வையுங்கள், அழகான பெயர்தான். பத்து வயதில் அவனுக்குத் தயக்கம் வரலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

4. எழுத்துச் சோதனை

தந்தை பெயரின் முதலெழுத்தையோ தாய் பெயரின் முதலெழுத்தையோ முன்னால் சேர்த்து எழுதுவதாக இருந்தால், சேர்த்து உரக்கப் படியுங்கள். குமாரின் மகன் ரங்கன் என்று வைத்துக்கொள்வோம். கு. ரங்கன். வருகைப்பதிவேட்டை வாசிக்கும் ஆசிரியர் புள்ளியில் நிறுத்த மாட்டார். நடராஜனின் மகள் ரியா, ந. ரியா. "நரியா? எங்கே நரி?" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, அதைச் செய்யாமல் விட்டதற்குப் பன்னிரண்டு வருடம் பிள்ளை பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ரோமன் எழுத்தில் இனிஷியல்கள் சேர்ந்து ஏதாவது சொல்லாகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தமிழ் எழுத்தில் ஒரு 'க'தான், ஒரு 'த'தான், ஒரு 'ப'தான். அழுத்தி ஒலிப்பதா மென்மையாக ஒலிப்பதா என்பது எழுத்தில் தெரியாது. ரோமன் எழுத்தில் அந்தச் சிக்கல் இல்லை, அங்கே வேறு சிக்கல்: குறில் நெடில் தெரியாது. 'நிலா' என்று நீங்கள் எழுதியதை அவர்கள் 'நீலா' என்று படித்தால் குற்றம் சொல்ல முடியாது. ழகரம் இன்னும் கடினம். இசட், எச் என்று இரண்டு எழுத்தால் அதை எழுதுவது நமக்குள் பழகிய ஏற்பாடு. அறியாதவர் கண்ணுக்கு அது 'ஸ', இல்லையென்றால் 'ஷ'. எங்கள் மகளுக்கு யாழினி என்று வைத்தோம். தெரிந்தேதான் வைத்தோம். தமிழ் அறியாதவர்கள் அவளை யாஸினி என்கிறார்கள். எங்கள் தேர்வு இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கவில்லை, ஆனால் ழகரத்துக்காக மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்கலாம் என்று இருவருக்கும் தோன்றியது. சோதனைகள் எல்லாவற்றிலும் தேறும் பெயர் என்று ஒன்று கிடையாது. எதில் தோற்கிறது என்பது வைப்பதற்கு முன்பே தெரிந்திருந்தால் போதும்.

நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் முதல் வரிக்கு 44 இடங்கள். அதில் ஆவண வகைக்கும் நாட்டின் குறிக்கும் ஐந்து போக, பெயருக்கு மிஞ்சுவது 39. இடைவெளிகளும் அதற்குள்தான். மீறினால் பெயர் அந்த வரியில் வெட்டுப்படும்.

5. கேலிச் சோதனை

பிள்ளைகளின் கேலி எதுகை மோனை தெரிந்த கேலி. முதல் இரண்டு எழுத்து ஒத்துப்போனால் போதும், மீதியை அவர்களே கட்டிக்கொள்வார்கள். எழிலன் 'எலி' ஆவான். குருநாதன் 'குருவி'. பன்னீர் என்னும் மணக்கும் பெயரை எந்த விலங்கின் பக்கம் இழுப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஒரு தாளில் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எழுதுங்கள். அதே எழுத்துகளில் தொடங்கும் விலங்கு, பூச்சி, தின்பண்டம், உடலுறுப்பு, வசைச்சொல் எல்லாவற்றையும் பக்கத்தில் அடுக்குங்கள். இந்த வேலைக்கு எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள ஒரு பிள்ளை கிடைத்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் மகன் எங்கள் பட்டியலில் இருந்த மூன்று பெயர்களைத் தேநீர் ஆறுவதற்குள் ஒழித்துக்கட்டினான். ஒன்றைக் கேட்டதும் அவன் சிரிக்கவே இல்லை. "சித்தப்பா, இது வேண்டாம்" என்று மட்டும் சொன்னான். இன்றுவரை காரணம் தெரியாது. கேட்கவும் இல்லை.

கிடைக்கும் சொற்களில் வெறும் வேடிக்கையானவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையில் அசிங்கமான ஒன்று உடனடியாக வந்து விழுந்தால் அந்தப் பெயரைக் கைவிடுங்கள். எந்தக் கேலிக்கும் இடம் தராத பெயரைத் தேடிப் போகாதீர்கள், கிடைக்காது.

6. சுருக்கத்தை நீங்களே முடிவு செய்யுங்கள்

பெயர் மூன்று அசைக்கு மேல் போனால் சுருங்கும். எப்படிச் சுருங்கும் என்பதும் ஏறக்குறைய தெரிந்ததே: முதல் துண்டை எடுத்து இகரமோ உகரமோ ஒட்டுவார்கள். ராஜேஸ்வரி ராஜி ஆவாள், விஜயலட்சுமி விஜி, சரஸ்வதி சரசு. சில பெயர்கள் தலையை விட்டுவிட்டு வாலைக் கொடுக்கும். சுப்பிரமணியன் ஒரு வீட்டில் சுப்பு, இன்னொரு வீட்டில் மணி.

உங்கள் பெயரிலிருந்து வரக்கூடிய எல்லாச் சுருக்கங்களையும் எழுதி, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எல்லாமே பிடிக்கவில்லை என்றால் முழுப்பெயரே உங்களுக்கு ஏற்றதல்ல என்று பொருள். "நாங்கள் முழுப்பெயர் சொல்லியே கூப்பிடுவோம்" என்று உறுதி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பசியில் அழும் பிள்ளையை ஐந்து அசையில் கூப்பிட்டுப் பார்க்கும் வரைதான் அந்த உறுதி. சுருக்கமே வேண்டாம் என்றால் இரண்டு அசைப் பெயரை வையுங்கள்: மலர், கதிர், எழில்.

7. பதிவும் முதல் ஆறு மாதமும்

பிறந்தவுடன் பதிவு செய்யப்படுவதும் பெயர் பெறுவதும் குழந்தையின் உரிமை என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு. சில நாடுகளில் பெயரில்லாமல் பிறப்பை மட்டும் பதிந்துவிட்டு, பின்னர் பெயரைச் சேர்க்கலாம். கால வரம்பு நாட்டுக்கு நாடு வேறுபடும், உங்கள் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரு மொழி எழுத்துக்கூட்டலையும் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். களைத்துப்போன பெற்றோரின் கண்ணுக்கு எல்லா எழுத்தும் சரியாகத்தான் தெரியும். அதனால் வேறொருவரும் பார்க்கட்டும். ஒருமுறை எழுதிய எழுத்துக்கூட்டல்தான் இனி எல்லா ஆவணத்திலும்.

1995இல் வெளியான ஓர் ஆய்வில், நாலரை மாதக் குழந்தைகள் மற்றப் பெயர்களைவிடத் தங்கள் பெயரை அதிக நேரம் கவனித்துக் கேட்டன. அதாவது பொருள் புரிவதற்கு வெகு முன்பே, எந்த ஒலி தனக்குரியது என்று குழந்தை பிடித்துவிடுகிறது. அந்த மாதங்களில் வீடு முழுவதும் 'புஜ்ஜி' என்றே கூப்பிட்டால் குழந்தைக்குப் பழகும் ஒலி புஜ்ஜிதான். புஜ்ஜியில் எனக்கு ஒன்றும் பகையில்லை. ஆனால் தேர்ந்தெடுத்த பெயரைக் குளிப்பாட்டும்போதும் துணி மாற்றும்போதும் தாலாட்டும்போதும் சொல்லிக்கொண்டே இருங்கள். வந்து பார்ப்பவர்கள் நீங்கள் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்வார்கள்.

8. வேண்டாத பெயர் வந்துவிட்டால்: வீட்டுக்குள்

எங்கள் வீட்டுக்கு அது இரண்டாவது மாதத்தில் வந்தது. என் மனைவியின் அத்தை யாழினியை அள்ளி எடுத்து, கன்னத்தைக் கிள்ளி, "என் பூசணிக்காய்!" என்றார். எனக்குச் சித்தியின் குரல் கேட்டது போலிருந்தது.

மனைவி சிரித்துக்கொண்டே, "அத்தை, இவள் யாழ்" என்றாள்.

"யாழோ கீழோ, எனக்குப் பூசணிதான்."

"யாழ், அத்தை."

அவ்வளவுதான் சொன்னாள். உடல் எடையைப் பற்றிய பெயர் பிள்ளையின் மனத்தை எப்படிப் பாதிக்கும் என்று நான் பெரிய விளக்கம் ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். மனைவி கண்ணாலேயே என்னை அடக்கினாள். பிறகு சொன்னாள்: விளக்கம் கொடுத்தால் அவர்களும் விளக்கம் கொடுப்பார்கள், அப்புறம் அது பட்டிமன்றம். ஒவ்வொரு முறையும் அதே சிரிப்பு, அதே இரண்டு சொல். கோபம் ஏறவும் கூடாது, சலித்து விட்டுவிடவும் கூடாது. நான்காவது வருகையில் அத்தை வாசலிலேயே, "பூச... யாழ்க்குட்டி, வா வா" என்றார். அன்றிலிருந்து யாழ்க்குட்டி அவருக்கு மட்டுமே உரிய பெயர். வேறு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் 'குட்டி'தான். செல்லப்பெயர் வைப்பவர் உண்மையில் கேட்பது தனக்கென்று ஓர் உரிமையை. அதைப் பிடுங்கினால் முறுக்கிக்கொள்வார். மாற்றாக ஒன்றைக் கையில் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார். தாத்தா, பாட்டி, மாமா எல்லாருக்கும் இது பொருந்தும். யாருடைய உறவோ அவர்களே பேசட்டும். மனைவி வீட்டாரிடம் மனைவி, கணவன் வீட்டாரிடம் கணவன். மாற்றிப் பேசினால் பெயர்ப் பிரச்சினை குடும்பப் பிரச்சினையாகிவிடும்.

முளைத்த முதல் சில வாரங்களில் பிடித்தால் ஒரு பெயரை எடுத்துவிடலாம். இரண்டு வருடம் விட்டுவிட்டால், பிள்ளையே அதற்குத் திரும்பிப் பார்க்கும்.

9. பள்ளியில்

ஒரு நாள் பிள்ளை வந்து "என்னை இப்படிக் கூப்பிடுகிறார்கள்" என்று சொன்னால் முதல் வேலை சிரிக்காமல் இருப்பது. சில பட்டப்பெயர்கள் உண்மையாகவே சிரிப்பு மூட்டும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். பிறகு கேளுங்கள்: யார், எப்போது, உனக்குப் பிடித்திருக்கிறதா? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பிடித்திருந்தால், நண்பர்கள் அன்போடு கூப்பிடுகிறார்கள் என்றால், அது உங்கள் பிரச்சினையே அல்ல.

பிடிக்கவில்லை என்றால் வீட்டில் ஒரு பதிலைப் பழக்குங்கள்: "என் பெயர் யாழினி." அழாமல், கத்தாமல், ஒருமுறை சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடர வேண்டும். பட்டப்பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. நாங்கள் இதை நாடகமாகவே நடித்துப் பழகினோம். கேலி செய்யும் பையனாக நான். என் நடிப்பு மோசமாக இருந்ததால் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பில் பாதி பயம் போனது.

இரண்டு வாரத்தில் அடங்கவில்லை என்றால் ஆசிரியரிடம் போங்கள். மற்றப் பிள்ளையின் பெற்றோருக்கு நேராகத் தொலைபேசியை எடுக்காதீர்கள், அது எப்போதும் பெரியவர்கள் சண்டையில்தான் முடிகிறது. ஆசிரியரிடம் கேட்க வேண்டியது சின்ன உதவி: வகுப்பில் பிள்ளையை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆசிரியரே வேடிக்கையாகப் பட்டப்பெயர் சொல்லியிருந்தால், முதலில் நிற்க வேண்டியது அதுதான்.

நிறம், சாதி, மதம், உடற்குறை, உடல் எடை ஆகியவற்றைத் தொட்டு வரும் சொல் வேறு வகை. "நிறுத்து" என்று சொன்ன பிறகும் தொடர்வதும் அப்படியே. அதைப் பட்டப்பெயர் என்று சொல்லிச் சின்னதாக்காதீர்கள், இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். என்ன சொன்னார்கள், எந்தத் தேதி, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எழுதிக்கொண்டு பள்ளி நிர்வாகத்திடம் எழுத்து மூலமாகவே கொடுங்கள்.

10. பிள்ளையே மாற்றச் சொன்னால்

ஏழு வயதில் ஒரு காலை, செருப்பு மாட்டிக்கொண்டே யாழினி சொன்னாள்: "இனிமேல் பள்ளியில் என்னை யாழ் என்று கூப்பிடாதீர்கள். முழுப்பெயர்." நாங்கள் பட்டியல் போட்டு, சோதித்து, காத்து வைத்த சுருக்கம். சரி என்று சொல்லிவிட்டோம். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது நான் முன்பு சொன்ன அதே உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு. நியூசிலாந்தில் ஹவாய், ஹூலா நடனம் எல்லாம் சேர்த்து ஒரு முழு வாக்கியத்தையே பெயராகச் சுமந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். நண்பர்களிடம் தன்னை 'கே' என்று மட்டும் கூப்பிடச் சொல்லியிருந்தாள். 2008இல் வெளியே தெரியவந்த அந்த வழக்கில், பெயரை மாற்றுவதற்காக நீதிமன்றம் அவளைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. பெற்றோர் கொடுத்த பெயரிலிருந்து தப்பிக்க அவளுக்கு உதவியது அவளே வைத்துக்கொண்ட ஓரெழுத்துப் பட்டப்பெயர்.

11. வளர்ந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர்

இதற்குச் சுருக்குவழி இல்லை. எல்லாரிடமும் ஒரே நேரத்தில் அறிவித்தால் எல்லாரும் வேண்டுமென்றே அதையே சொல்வார்கள். யார் வாயில் அது அதிகம் புழங்குகிறதோ அவரிடம் மட்டும், தனியாக, ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள். முழுவதும் விடச் சொல்லாதீர்கள், இடம் குறித்துச் சொல்லுங்கள். அந்த மருத்துவமனை விஷயத்துக்குப் பிறகு சித்தியிடம் நான் கேட்டது இதுதான்: "வீட்டில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் சித்தி, வெளியாட்கள் முன்னால் மட்டும் பெயர் சொல்லுங்கள்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உனக்குக் கஷ்டமாக இருந்ததா? முப்பத்தைந்து வருடமாகச் சொல்லவே இல்லையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சென்ற மாதம் ஒரு திருமணத்தில், "இவன் என் அக்கா மகன்" என்று யாரிடமோ அறிமுகம் செய்துவைத்தார். பிறகு என் முழுப்பெயரை, இனிஷியலோடு, பள்ளி ஆய்வாளர் முன்னால் ஒப்பிப்பதுபோல் சொன்னார். சற்று நேரத்தில் அவர் தன் கைப்பேசியை எங்கோ வைத்துவிட்டுத் தேட, நான் என்னுடையதிலிருந்து அழைத்தேன். நாற்காலிக்கு அடியில் அது ஒளிர்ந்தது. குனிந்து எடுத்தேன். திரையில் 'குண்டு அழைக்கிறது' என்றிருந்தது. எதுவும் சொல்லாமல் அவர் கையில் கொடுத்தேன்.